பேரணாம்பட்டில் மனப்பாடமான பட்டணம்

“...காலு தப்புன்னு நானா சொன்னேன்? நீயாத்தான் சொல்லிகினு திரிஞ்ச” என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் பச்சையம்மா என் பக்கம் திரும்பினாள். “அவருக்குப் பட்டணம் மனப்பாடம்ங்க. எனக்கு ஒரு கண்ணு போச்சு. எழுதறதுன்னா ரெண்டையும் சேத்து எழுதிக்குங்க உங்க புஸ்தகத்துல.”

பேரணாம்பட்டில், பீடிக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள சந்தில், ஒரு ஓலை வீட்டு வாசலில் இது நடந்தது. வலக்கண்ணை ஈரத்துணியால் கட்டியிருந்தாள். இடக்கண்ணால் என்னைப் பார்த்தாள். அதிலும் நீர் வடிந்துகொண்டிருந்தது. அது அழுகை அல்ல.

நான் அச்சுக்கூடத்துக்காரன். சென்னப்பட்டணத்தைப் பற்றி எங்கள் அச்சுக்கூடம் போடும் வழிகாட்டிப் புத்தகத்தைப் புதுப்பிக்கிற வேலை என்னுடையது. இப்போது வந்திருக்கும் பதிப்பில், முகவுரைக்கும் முன்னால், கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘இதைப் பார்த்துக்கொண்டும் போங்கள், எதிரே வருகிறவரைக் கேட்டுக்கொண்டும் போங்கள்.’ தன் சரக்கை நம்பாதே என்று தானே சொல்லி விற்கிறவனை இப்போதுதான் பார்க்கிறோம் என்று சிநேகிதர்கள் கேலி செய்கிறார்கள். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்காகத்தான் இந்தப் பயணத்தை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்ததில்லை. அச்சுக் கோக்கிற வேலையில் சேர்ந்து, ஈய எழுத்துக்களை இடவலம் மாற்றிப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டேன். அதனாலோ என்னவோ, அச்சில் வந்த பேச்சைவிட வாயிலிருந்து வரும் பேச்சில் எனக்கு ஆசை அதிகம். யாராவது ஒரு நல்ல வார்த்தை சொன்னால் சட்டைப்பையில் இருக்கும் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்வேன். வீட்டில் ஒரு தகரப்பெட்டி நிறைய அந்தத் துண்டுகள் கிடக்கின்றன.

பட்டணம் ஓர் இடத்தில் நிற்கிற பொருள் அல்ல. மாம்பலத்தில் ஏரி இருந்த இடத்தில் இன்று வீதி வீதியாக வீடு. தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடுகிறது. தெருவை அகலமாக்குகிறோம் என்று ஒரு வரிசையை இடிக்கிறார்கள். கதவு நம்பர்களை மாற்றுகிறார்கள். தெருவின் பெயரையே மாற்றுகிறார்கள். ஒரு பக்கத்தைத் திருத்தி மை காய்வதற்குள் அடுத்த பக்கம் பழசாகிவிடும்.

பெரியமேட்டில் இருக்கும் தோல் மண்டிகளைப் பற்றிய பக்கங்கள் இந்த முறை ரொம்பவும் பழசாகியிருந்தன. அங்கே போய்க் கேட்டால் குமாஸ்தாக்கள், “முதலாளி ஆம்பூரில் இருக்கிறார்,” “முதலாளி வாணியம்பாடியில் இருக்கிறார்” என்றார்கள். சரி, நேரில் போய்க் கேட்டுவிடு என்று என் முதலாளி அனுப்பினார். கையோடு ஒரு தபால் கார்டையும் கொடுத்தார். பேரணாம்பட்டிலிருந்து வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘தங்கள் புத்தகம் 112ஆம் பக்கத்தில், மணிக்கூண்டு தாண்டி இடது கைப் பக்கம் திரும்ப வேண்டும் என்று போட்டிருப்பது சரிதானா? அன்புகூர்ந்து தெரிவிக்கவும்.’ குறையும் இல்லை, கோபமும் இல்லை. இடதா வலதா என்று ஒரு கேள்வி. போகிற வழியில் அதற்கும் பதில் சொல்லிவிட்டு வரலாம் என்று, அந்தப் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கடல் தாண்டவில்லை என்றாலும் எனக்கு அது அந்நிய தேசந்தான். அரக்கோணத்துக்கு மேற்கே நான் போனதில்லை.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர், “எங்க போறீங்க?” என்று கேட்டார்.

“ஆம்பூர்.”

“தோலா?”

“இல்லீங்க, புஸ்தகம்.”

அவர் சற்று யோசித்தார். “தோல் அட்டை போட்ட புஸ்தகமா?” என்றார். தோலை விட்டுவிட்டு ஆம்பூருக்குப் போகிறவன் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆம்பூர் நெருங்கியதும் வண்டியில் பாதிப் பேர் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். கூவத்துக் கரையில் பிறந்தவன் நான்; எந்த நாற்றம் என்னை என்ன செய்துவிடும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நூறு அடி நடந்ததும் நானும் துண்டை எடுத்தேன். சுண்ணாம்புக் குழியும் ஊறிய பட்டையும் பச்சைத் தோலும் சேர்ந்த வாடை அது. சாயங்காலத்துக்குள் பழகிவிட்டது. மறுநாள் காலையில் அந்த வாடை இல்லாத ஒரு சந்தில் நுழைந்தபோது ஏதோ குறைகிறதே என்று நின்றேன்.

பாலாற்றைப் பார்த்தேன். ஆறு என்று காட்டினார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை மணல். பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் தண்ணீரைச் சொம்பால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எனக்கும் கை நிறைய வார்த்தாள். எங்கள் குழாய்த் தண்ணீர் அதன் முன்னால் கை கழுவத்தான் ஆகும்.

நான் தேடிப் போன சாயபு பெரிய மண்டிக்காரர். வெள்ளைத் தாடி, வெள்ளை ஜிப்பா. பெரியமேட்டில் அவருடைய மண்டியின் கதவு நம்பர் என்ன என்று கேட்டேன்.

“நம்பர் கேட்டு என் மண்டிக்கு எவனும் வந்ததில்ல. மூக்கைக் கேட்டுத்தான் வருவான்” என்றார். அதை அங்கேயே குறித்துக்கொண்டேன். பிறகு அவரே பொறுமையாக எந்த வாசல் எந்தத் தெருவில், எந்த மண்டி யார் கைக்கு மாறியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எழுதி முடித்து எழுந்தால் விடவில்லை. பிரியாணி வந்தது. எங்கள் பக்கத்துப் பிரியாணியைவிடக் காரம் கம்மி, கறி ஜாஸ்தி. தொட்டுக்கொள்ளப் புளிப்பாகக் கத்தரிக்காய். அதன்பின் இனிப்புக்கு, ஆற்காட்டிலிருந்து மருமகன் கொண்டுவந்ததாக மக்கன் பேடா. வாயில் போட்டால் பல்லுக்கு வேலை இல்லை.

தபால் கார்டை அவரிடம் காட்டினேன். “பேரணாம்பட்டா? பீடி சுத்தறவங்க ஜாஸ்தி அங்க. பட்டணத்துல எடது கையி சோத்துக் கையி எதுவானா அவங்களுக்கு இன்னாவாம்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மறுநாள் வாணியம்பாடி. ஒரு மண்டி வாசலில் முதலாளி வருகிறவரைக்கும் நிற்கவேண்டியிருந்தது. இரண்டு கிழவர்கள் உருதுவில் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற குமாஸ்தா மெதுவாகத் தமிழில் சொன்னார். ஒருவர், “மழை வந்தால் என் தோல் காயாது” என்கிறாராம். மற்றவர், “மழை வராவிட்டால் என் தோல் ஊறாது” என்கிறாராம். “ரெண்டு பேரும் ஒரே பள்ளிவாசல்லதான் தொழறாங்க. ஆண்டவன் யாரு பேச்ச கேப்பான்?” என்றார் குமாஸ்தா. வேலை அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது. கார்டு மட்டும் பாக்கி.

மூன்றாம் நாள் காலையில் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்கு மோட்டார் பஸ் ஏறினேன். பாதி வழியில் ஒரு மேட்டில் ஏறும்போது முன்பக்கம் புகைந்தது, பஸ் நின்றது. பட்டணமாக இருந்தால் இந்நேரம் கண்டக்டரின் சட்டையைப் பிடித்திருப்பார்கள். இங்கே எல்லாரும் கோயில் வாசலில் இறங்குகிறவர்கள் மாதிரி அமைதியாக இறங்கினார்கள். ஒருவர் மரத்தடியில் துண்டை விரித்து, பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிட ஆரம்பித்தார். “தினம் இங்கதான் இதுக்குப் பேஜார். நமக்கும் இங்கதான் சோறு” என்றார்.

பின்னால் வந்த ஜட்கா ஒன்று என்னை ஏற்றிக்கொண்டது. இன்னும் எவ்வளவு தூரம் என்று ஜட்காக்காரரைக் கேட்டேன்.

“பன்னெண்டு பீடி.”

“என்னது?”

“பன்னெண்டு பீடி தூரம்ங்க. புடிக்கிற பீடி. சுத்தற பீடின்னு நெனச்சுக்காதீங்க, அது வேற கணக்கு.” ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம் வேறு, ஒரு பீடி சுற்றி முடிக்கிற நேரம் வேறு, இந்தப் பக்கத்தில் தூரம் கேட்டால் எந்தப் பீடி என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு விளங்க வைத்தார். இதையும் குறித்துக்கொண்டேன். சாயங்கால ரயிலுக்கு என்னைத் திரும்ப ஆம்பூரில் விடவேண்டும், காத்திருக்க முடியுமா என்றேன். குதிரைக்குப் புல் போட்டுவிட்டு நிற்பதாகச் சொன்னார்.

கார்டில் இருந்த விலாசம் ஒரு பீடிக் கொட்டகை. நீளமான ஓலைக் கூரை. உள்ளே முப்பது பேர் இருப்பார்கள். ஆளுக்கொரு முறம் மடியில், இலையும் தூளும் கத்தரிக்கோலுமாக. நான் வாசலில் கால் வைத்தபோது உள்ளே ஒரு குரல் கணீரென்று படித்துக்கொண்டிருந்தது.

“...சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வரும் வெளியூரார் முதலில் கவனிக்க வேண்டியது யாதெனில், தம்மை நோக்கி ஓடி வரும் வண்டிக்காரர்களில் முதலாமவரோடு பேசலாகாது...”

என் கால் அப்படியே நின்றுவிட்டது. அது நான் எழுதியது.

படித்தவர் பெயர் யாகூப் பாய். ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு படித்தார். அவர் பீடி சுற்றுவதில்லை. அவர் படிக்கிற நேரத்துக்கு ஈடாக மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துச் சுற்றி அவர் பங்கை நிரப்பிவிடுவார்கள். அந்த ஊர்க் கொட்டகைகளில் அதுதான் வழக்கமாம்.

“அதுக்குப் பேப்பர் படிக்கலாமே பாய்? கதை படிக்கலாமே?” என்றேன், நான் யார் என்று சொன்ன பிறகு.

“படிச்சம். பேப்பர் படிச்சா சண்டை வருது, கதை படிச்சா கை நிக்குதுன்னு முதலாளி ரெண்டும் கூடாதுன்னுட்டாரு. இதுல சண்டையும் இல்ல, கையும் நிக்கல. முடிஞ்சா மறுபடி மொதல்லேந்து படிக்கறது.”

“சண்டை இல்லன்னு யாரு சொன்னது?” என்றது ஒரு குரல். “மைலாப்பூர் கொளத்துக்கு மேற்கால ஒரு வூடு எனக்குன்னு எடுத்துவெச்சிருந்தேன். நேத்து இவன் வந்து அதுல குடி பூந்துட்டான்.”

“காலியா கெடந்துது, பூந்தேன்” என்றான் பக்கத்தில் இருந்தவன், கையிலிருந்த பீடியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவர்களில் ஒருவரோ இருவரோ தவிர யாரும் பட்டணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கேட்டுக் கேட்டே ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு தெரு இருந்தது. தங்கசாலைத் தெருவில் ட்ராம் எத்தனை இடத்தில் நிற்கும் என்று என்னைக் கேட்டார்கள். நான் விரல் விட்டு எண்ணத் தொடங்குவதற்குள் நாலு குரல் சேர்ந்து பதில் சொல்லிவிட்டது. “எழுதினவருக்கே தெரியல” என்று கொட்டகை சிரித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் எழுத்தை இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையாகக் கேட்டதை நான் பார்த்ததில்லை.

அந்த உற்சாகத்தில் கார்டை எடுத்துக் காட்டி, “இது யாருங்க எழுதினது?” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. யாகூப் பாய் கண்ணாடியைக் கழற்றினார். “எழுதினது நானு. எழுதச் சொன்னது முனுசாமி” என்று மூலையைக் காட்டினார். அங்கே ஒருவன், நாற்பது வயதிருக்கும், சிரிப்பில் கலந்துகொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தான்.

“எங்கள்ல அவன் ஒருத்தன்தான் புஸ்தகம் பூரா கண்ண மூடிகினு சொல்றவன். பர்லாங்குக்கு எத்தினி பீடின்னுகூடப் போட்டுவெச்சிருக்கான். சொல்றா” என்றார் பாய்.

முனுசாமி சொன்னான். சென்ட்ரலிலிருந்து கண் வைத்தியசாலைக்குப் போகிற வழி. என் வாசகம், ஒரு புள்ளி மாறாமல். மணிக்கூண்டு தாண்டி இடது கைப் பக்கம் திரும்பவேண்டும் என்ற இடம் வந்ததும் நிறுத்தினான். “இடதுதானே சாமி?” என்றான். “மனப்பாடம் சரிதான், பாய் படிச்சுப் பாத்துட்டாரு. என் காலுதான் எங்கியோ தப்பிடுச்சு. எங்கன்னு தெரியல. அதான் கேட்டு எழுதச் சொன்னேன்.”

மீதியை யாகூப் பாய்தான் சொன்னார். முனுசாமியின் மனைவி பச்சையம்மா தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிறவள். ஒரு நாள் சிராய் தெறித்து வலக்கண்ணில் பாய்ந்துவிட்டது. வேலூரில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, உடனே பட்டணத்துக் கண் வைத்தியசாலைக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். கொட்டகையில் எல்லாரும் முனுசாமியைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். பட்டணத்தில் அவனுக்குத் தெரியாத சந்து உண்டா?

அவன் யாரையும் வழி கேட்கவில்லை. மணிக்கூண்டு தாண்டி இடது கைப் பக்கம் திரும்பினால் வைத்தியசாலை இல்லை. மோட்டார் கொட்டகை இருந்தது. திரும்பவும் சென்ட்ரலுக்கே போய், முதலிலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தான். முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் அவனுக்கு வரும். அப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவையில் பச்சையம்மா ஒரு பூக்காரியைக் கேட்டாள். “அது இங்க இல்லம்மா, ராயபுரம் ட்ராம் ஏறிப் போ” என்றாள் அவள். முனுசாமி மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். புத்தகத்தில் அப்படி இல்லை, ஏமாற்றுகிறாள் என்றான். வெளியூராரை ஏமாற்றுகிறவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன்.

இரண்டு நாள் அலைந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். வலக்கண் போய்விட்டது. இப்போது இடக்கண்ணிலும் நீர் வடிகிறது, பார்வை மங்குகிறது. போன கண்ணை எடுத்தால்தான் இருக்கிற கண் நிற்கும், ஒரு வாரத்துக்குள் பட்டணம் போகவேண்டும் என்று வேலூர் டாக்டரம்மா மறுபடியும் சீட்டு கொடுத்திருக்கிறார். அதில் ஐந்து நாள் போய்விட்டது.

“கூட்டிகினு போடான்னா, என் காலு மேல எனக்கே நம்பிக்கை இல்லன்றான்” என்றார் பாய். “நாங்க கூட வர்றம்னா, எனக்கே தெரியாதது உங்களுக்குத் தெரியுமான்றான். உங்ககிட்டேந்து பதில் வரட்டும்னு உக்காந்துகினு இருக்கான்.”

அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள் என்று வாங்கினேன். கடைசியாக வந்த பதிப்பின் பச்சை அட்டை. புதுசுதான். 112ஆம் பக்கத்தைப் புரட்டினேன். புதுசு இல்லை. உள்ளே இருந்தது அதற்கு முந்தின பதிப்பு. முதுகுப் பக்கத்தை விரலால் தடவினேன். அட்டை ஒட்டிய பசையில் இலேசாக நீலம் தெரிந்தது. பூச்சி அரிக்காமலிருக்க நான் பசையில் மயில்துத்தம் கொஞ்சம் கூடவே போடுவேன். எங்கள் அச்சுக்கூடத்தில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

புதுப் பதிப்பு வந்த சமயத்தில் பழைய பிரதிகள் மீந்து ஒரு மூலையில் கிடந்தன. “புது அட்டை போட்டு வெளியூருக்கு அனுப்பிவிடு. பட்டணத்தில் இருப்பவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்” என்றார் முதலாளி. நான் மறுபேச்சுப் பேசவில்லை. பசை காய்ச்சி, அட்டை ஒட்டி, கட்டுக் கட்டி, ரயிலில் போட்டேன். அந்த மாதம் நான் துண்டுக் காகிதத்தில் எத்தனையோ பேருடைய பேச்சைக் குறித்திருப்பேன். இந்தப் பேச்சைக் குறிக்கவில்லை.

முனுசாமி பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடதுதான் என்று சொல்லிவிட்டு ஜட்கா ஏறியிருக்கலாம். அச்சில் இருப்பது இடதுதான். அது பொய்யாகவும் இருந்திருக்காது. ஒரு கணம் அப்படிச் செய்யலாம் என்று நினைத்தேன். நினைத்ததை இங்கே மறைக்கவில்லை.

சொல்லிவிட்டேன். தெருவை அகலமாக்கியபோது அந்த வைத்தியசாலை ராயபுரம் பக்கம் போய்ப் பல வருஷம் ஆயிற்று, பூக்காரி சொன்னதுதான் சரி, இந்தப் புத்தகம் பழசு, இதற்குப் புது அட்டை போட்டவன் நான். முப்பது பேர் கையும் நின்றுவிட்டது. கதை படித்தால்கூட அப்படி நின்றிருக்காது.

“அப்போ நாங்க குடியிருக்கறதெல்லாம் இடிஞ்ச வூடா?” என்றான் மைலாப்பூர்க்காரன். கேலியாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது குரல் வேறாக இருந்தது.

யாகூப் பாய் பெட்டியை விட்டு எழுந்தார். என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, மூடி, பெட்டியின்மேல் வைத்தார்.

முனுசாமிக்கு மட்டும் வேறு எதுவும் காதில் விழவில்லை. “அப்போ என் காலு தப்பில்ல” என்றான். முறத்தை வைத்துவிட்டு எழுந்தான். மடியிலிருந்து இலைத்துண்டுகள் உதிர்ந்தன. “என் காலு தப்பில்ல பாய்” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, பின்சந்தில் ஓடினான். நானும் பின்னால் போனேன்.

பச்சையம்மா வாசலில் நின்று கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் புடைக்கவில்லை, விரலால் தடவிக் கல் பொறுக்கினாள். உள்ளே சுவரோரமாகத் துணிமூட்டை ஒன்று முடிச்சுப் போட்டபடி இருந்தது.

“ஏமே, என் காலு தப்பில்லயாம்மே. புஸ்தகந்தான் பழசாம். ஐயா சொல்லிட்டாரு. நான் சரியாத்தான் இட்டுகினு போயிருக்கேன்” என்றான் முனுசாமி. எத்தனையோ நாளைக்குப் பிறகு நல்ல சேதி கொண்டுவந்த மனிதனின் முகம் அவனுக்கு.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அப்போதுதான் நான் தொடக்கத்தில் எழுதிய பேச்சைச் சொன்னாள். காலு தப்புன்னு நானா சொன்னேன் என்று அவனிடமும், ரெண்டையும் சேத்து எழுதிக்குங்க என்று என்னிடமும்.

முனுசாமியின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அவன் சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

நான் என் பையைத் திறந்து, புதுப் பதிப்புக்குத் திருத்தி வைத்திருந்த தாள்களை எடுத்தேன். வைத்தியசாலைப் பக்கத்தைத் தேடி நீட்டினேன். “இது சரியா இருக்குதும்மா. இப்போதான் நேரில் போய்ப் பார்த்து எழுதினது. ராயபுரம் ட்ராம், இறங்கற இடம் எல்லாம் போட்டிருக்கிறேன்” என்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் அதை வாங்கவில்லை. “இது எத்தினி நாளைக்கு சரியா இருக்கும்?” என்றாள்.

“தெரியாதம்மா. அச்சாகி வருவதற்குள்ளேயே ஏதாவது மாறிவிடலாம்.”

“தெரியாதுன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான்.” ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து, மறுபடியும் கண்ணில் வைத்துக் கட்டிக்கொண்டாள். “அந்தப் பூக்காரம்மா சரியாத்தான் சொன்னா. ஒருவாட்டி இல்ல, ரெண்டுவாட்டி சொன்னா. எந்தப் பக்கம் வண்டி வரும்னு கையக் காட்டினா. எனக்கு அந்தக் கையி இன்னும் தெரியுது, தாழம்பூ வாசனையோட. இவுரு இழுத்துகினு வரச்சொல்ல திரும்பித் திரும்பிப் பாத்துகினே வந்தேன். அப்போ ரெண்டு கண்ணுல ஒண்ணு நல்லா இருந்துது பாருங்க.”

முனுசாமி, “நான் எங்க வர்றது இனிமே?” என்றான், யாரையும் பார்க்காமல். “அங்க போயி யாரைக் கேட்டுகினு நிக்கறது? எனக்கு அந்த ஊரு பூரா தெரியும்மே. தெரிஞ்ச ஊர்ல எப்படி வழி கேக்கறது?”

அவள் என் பக்கம் திரும்பினாள். என்னைத்தான் கேட்டாள். “நீங்க எப்போ திரும்பறீங்க?”

“இன்னிக்குச் சாயங்கால வண்டி. ஜட்கா நிக்குது.”

“வூடு ராயபுரம் பக்கமா?”

“இல்லம்மா. சிந்தாதிரிப்பேட்டை. ஆனா நான் வர்றேன். வைத்தியசாலை வாசல் வரைக்கும் வர்றேன். உள்ளேயும் வர்றேன்.”

“வழியில யாரையாவது கேப்பீங்களா?”

“கேக்கறேன்.”

“நாலு பேரக் கேப்பீங்களா?”

“கேக்கறேம்மா.”

அவள் உள்ளே போனாள். ஐந்து நாளாகக் கட்டி வைத்திருந்த துணிமூட்டையை எடுத்து வந்தாள். டாக்டரம்மாவின் சீட்டு முந்தானை முடிச்சில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். பீடிக் கொட்டகை வாசலில் எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். யாகூப் பாய் முன்னால் நின்றார். அவர்களைத் தாண்டி, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து, ஜட்காவுக்குப் போனாள். ஜட்காக்காரரிடம், “அண்ணே, இது ஆம்பூர் டேசனுக்குத்தானே போவுது?” என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். புல்லைத் தள்ளிவிட்டு ஏறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் இடம் விட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.